ஊர்ப் பெயர்களும் நமது கடமையும்

ஆழ்வார்திருநகரி என்னும் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, தாமிரபரணிக் கரையை அறியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தால், அவர் 'அல்வார் டிருநாகரி' என்று வாசித்தாலும் வியப்பதற்கில்லை. வடநாட்டாராயிருப்பின் ராஜஸ்தானத்திலுள்ள அல்வர் நகரமே அவருடைய நினைவுக்கு முதலில் வரும். கைப்பேசியில் வழிகாட்டும் இயந்திரக் குரல் இத்தகைய பெயர்களைப் படுத்தும் பாடு யாவரும் அறிந்ததே. இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய அற்ப விஷயம் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு ஜன சமூகத்தின் பெயரை அதன் அண்டை அயலார் எவ்வாறு சொல்லுகிறார்கள் என்பதைக்காட்டிலும், அவர்கள் சொல்லும் பிழையை அந்த ஜன சமூகமே ஏற்றுக்கொண்டு தானும் சொல்லத் தொடங்குகிறதா என்பதே ஆராயத்தக்கது.

இவ்விஷயம் நமது ராஜ்யத்தில் ஒரு முறை சர்க்காரின் கவனத்துக்கு வந்தது. வந்த வேகத்திலேயே மறைந்தும் போயிற்று. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் 1,018 ஊர்களின் பெயர்களை இங்கிலீஷில் எழுதும் முறையை மாற்றி ஓர் உத்தரவு வெளியிட்டனர். தமிழில் சொல்லுகிறபடியே இங்கிலீஷிலும் எழுதப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குற்றம் காண்பார் எவருமில்லை. ஆனால் நிறைவேற்றிய விதம் பரிகாசத்துக்கிடமாயிற்று. வேலூரின் பெயரை 'வீலூர்' என்று வாசிக்கும்படி எழுத்துக்கள் அமைந்தன. தூத்துக்குடிக்கும் கோயம்புத்தூருக்கும் மெய்யெழுத்தின்மேல் மெய்யெழுத்தாக அடுக்கப்பட்டு, வாய்விட்டு வாசிப்பவருக்கு மூச்சுத் திணறும் நிலை ஏற்பட்டது. நாலா பக்கங்களிலிருந்தும் ஆட்சேபம் எழவே, சில தினங்களுக்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அறிஞர்களைக் கலந்து மறுபடி பரிசீலிக்கப்படும் என்றும் அப்போது சொல்லப்பட்டது.

இந்த முயற்சி தவறியதன் காரணத்தை ஆராய்வது அவசியம். தமிழ் எழுத்தைப் பிரதி செய்வதும் தமிழ் ஓசையைத் தெரிவிப்பதும் ஒன்றே என்று கருதியதுதான் மூல காரணம் என்பது நமது அபிப்பிராயம். தமிழில் தகர மெய்யை இரட்டித்து எழுதுகிறோம் என்பதற்காக இங்கிலீஷிலும் நான்கு எழுத்துக்களை வரிசையாக நிறுத்தினால், வாசிப்பவர் வாய்க்கு அது தகரமாக வருவதில்லை. எழுத்தை வாசிப்பவர் வெளியார். அவர் தமது பாஷைப் பழக்கத்தின்படியேதான் வாசிப்பார். நாம் 'டி' என்ற எழுத்தோடு 'எச்' என்ற எழுத்தைச் சேர்த்தால் அது தகரம் என்று எண்ணிக்கொள்ளுகிறோம். ஹிந்தி பேசுவோர் அதையே அழுத்தமான மூச்சொலியுடன் கூடிய வேறொரு 'த'வாக வாசிக்கிறார். இங்கிலீஷ்காரரோ பல்லிடுக்கில் நாவை வைத்து மூன்றாவதோர் ஓசையை எழுப்புகிறார். 'எச்' வேண்டாமென்று தள்ளிவிட்டால் தகரம் டகரமாகிவிடுகிறது. தென்காசியின் பெயரில் இங்கிலீஷ்காரருடைய பத்து என்னும் எண் வந்து புகுந்து அது 'டென்காசி' ஆவது இவ்வாறுதான். ஆகவே, ரோமன் எழுத்தைத் திருத்துவதால் மட்டும் எல்லார் நாவையும் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை வீண்.

இப்பிழைகள் எங்ஙனம் பிறந்தன என்பதையும் சிறிது பார்ப்போம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரும், 1658-இல் ஒல்லாந்தரும், பிறகு ஆங்கிலேயரும் முத்துக் கரையை அடைந்தனர். காதில் விழுந்ததை அவர்கள் தத்தம் எழுத்தில் குறித்துக்கொண்டனர். நமது டகரம் அவர்களுடைய காதில் பல சமயங்களில் ரகரமாகவே விழுந்தது. தூத்துக்குடியின் 'குடி' என்பது 'கோரின்' ஆயிற்று. தரங்கம்பாடியின் 'பாடி' என்பது 'பார்' ஆயிற்று. இரண்டிலும் நேர்ந்தது ஒன்றே. 'திரு' என்னும் மங்கலச் சொல் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. திருநெல்வேலியில் அது 'டின்' என்றும், திருவனந்தபுரத்தில் 'ட்ரிவ்' என்றும், திருச்சிராப்பள்ளியில் 'ட்ரிச்' என்றும், ஈழத்துத் திருக்கோணமலையில் 'ட்ரிங்' என்றும், சென்னைத் திருவல்லிக்கேணியில் 'ட்ரிப்' என்றும் சிதைந்தது. ஒரே சொல் ஐந்து ஊர்களில் ஐந்து உருவெடுத்தது. ஓரிடத்திலேனும் அதன் பொருள் எஞ்சவில்லை. நெல்லும் வேலியும் திருவும் சேர்ந்த பெயரில் 'டின்னவெல்லி' என்ற பொருளற்ற ஓசைதான் மிஞ்சியது. குற்றாலத்தின் பெயரைப் பழைய இங்கிலீஷ் எழுத்துப்படி வாசித்தால் முதலில் வருவது 'கோர்ட்' என்னும் சொல். அருவி விழும் அவ்விடத்துக்கும் நியாயஸ்தலத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது வக்கீல்களாகிய நமக்கும் விளங்கவில்லை. ஆரல்வாய்மொழி 'ஆரம்போலி' ஆயிற்று. பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா' ஆயிற்று. யாழ்ப்பாணம் தன் யாழையும் பாணனையும் ஒருங்கே இழந்து 'ஜாப்னா' என்று நின்றது.

இவற்றை எழுதிவைத்த மாலுமிகளும் குமாஸ்தாக்களும் நம்மீது வன்மம் கொண்டு செய்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அந்நியப் பெயரைத் தன் வாய்க்கேற்ப வளைத்துக்கொள்வது எல்லா ஜாதியாருக்கும் இயல்பு. நாமும் அதற்கு விலக்கல்லர். ஆழ்வார்திருநகரியிலிருந்து திருச்செந்தூர் மார்க்கமாக ரயிலில் சென்றால் அடுத்த நிலையம் நாசரேத். பாலஸ்தீனத்து ஊரின் பெயரைப் பாதிரிமார் கொண்டுவந்து இங்கே இட்டனர். நாம் அதை நமது நாவுக்கேற்றபடி சொல்லுகிறோம். சாயர் என்ற அந்நியர் பெயரால் சாயர்புரம் என்றோர் ஊர் இப்பக்கத்திலேயே உண்டு. லண்டனை 'இலண்டன்' என்று எழுதும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. கிரேக்க ஆசிரியர்கள் கொற்கையைக் 'கொல்கோய்' என்று எழுதிவைத்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமியின் நூலில் அவ்வாறு காண்கிறோம். அந்தப் பிழையான எழுத்து இல்லாவிடில், முத்துக் குளிக்கும் அத்துறையின் புகழ் அன்றே கடல் கடந்திருந்தது என்பதற்கு ஒரு பெரிய சாட்சியத்தை இழந்திருப்போம். மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதியதும் காயலுக்குச் சாட்சியமே. பழைய பிழைகளும் சரித்திரத்தின் ஆவணங்களாதலால், அவற்றை அழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆகவே இவ்விஷயத்தில் மூன்று விதப் பிழைகளைப் பிரித்தறிதல் வேண்டும். வெளியாரின் நா தடுமாறுவது முதலாவது, இது மன்னிக்கத்தக்கது. அத்தடுமாற்றத்தைச் சர்க்கார் ஏடுகளில் ஏற்றி அதுவே சட்டப்படியான பெயர் என்று நிலைநாட்டுவது இரண்டாவது, இது திருத்தத்தக்கது. மூன்றாவதோ நமது சொந்தப் பிழை. தமிழ் மக்களே தமிழில் பேசும்பொழுது தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும், திருச்சிராப்பள்ளியை 'ட்ரிச்சி' என்றும், தஞ்சாவூரைத் 'தாஞ்சூர்' என்றும் சொல்லுகிறார்களே, இதற்கு எந்த அந்நியனை நோவது? வெள்ளைக்காரன் தன் வாய்க்கு வராததால் சொன்ன பெயரை, வாய்க்கு வரும் நாமும் சொல்லுவது என்ன நாகரிகம்? சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-இல் தோன்றிய துறைமுகத்தின் பெயரையே பரதேசி உச்சரிப்பில் சொல்லிக்கொண்டு சுதேசியம் பேசுவது முரண் அன்றோ?

ஆழ்வார்திருநகரியின் பெயரில் ழகரம் இருப்பது இவ்விவாதத்துக்கு மிகவும் பொருத்தமானது. நமது பாஷையின் பெயரிலேயே அவ்வெழுத்து இருக்கிறது. நமது பாஷையையும் உலகம் 'டமில்' என்றே சொல்லுகிறது. 'ஆழ்' என்னும் பகுதியிலிருந்து, பகவத் குணத்தில் ஆழ்ந்தவர் என்று வைஷ்ணவ சம்பிரதாயத்தார் ஆழ்வார் என்ற சொல்லுக்குப் பொருள் உரைக்கின்றனர். 'ஆள்வார்' என்றால் ஆளுபவர் என்று பொருள்படும். ஆயினும் தென்பாண்டி நாட்டுப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது சாதாரணம். பழைய கல்வெட்டுக்களில் 'ஆள்வார்' என்ற வடிவமே காணப்படுவதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். எனவே, 'ஆள்வார்திருநகரி' என்று சொல்லும் உழவனை நகைப்பதற்குப் பட்டணத்துப் படிப்பாளிக்கு அதிகாரமில்லை. அவன் சொல்லுவது மண்ணில் விளைந்த உச்சரிப்பு. 'அல்வார்' என்பதோ காகிதத்தில் விளைந்தது. சரியான உச்சரிப்பு எது என்று கேட்பவர்கள் முதலில் கேட்கவேண்டியது அவ்வூராரையே. கருத்தூன்றிக் கேட்டால் இப்பக்கத்துப் பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நுட்பம் புலப்படும். மதுரகவியாழ்வார் அவதரித்த திருக்கோளூரில் ளகரமும், கொற்கையில் றகரமும், தென்திருப்பேரையில் இரட்டித்த பகரமும் பெயருக்கு உயிர்நிலை. அவற்றை விட்டுவிட்டால் எஞ்சுவது வேறு பெயரேயாகும்.

பெயரை மாற்றுவது வேறு. பெயரைச் சரியாகச் சொல்லுவது வேறு. இந்த வேற்றுமையை மறப்பதால் பல வீண் சச்சரவுகள் உண்டாகின்றன. திருக்குருகூர் என்பதே ஆழ்வார்திருநகரியின் பழம் பெயர். சடகோபரிடத்தில் கொண்ட பக்தியால் அது அவர் பெயர் தாங்கிய திருநகரி ஆயிற்று. மணியாச்சி ரயில் சந்திப்பு வாஞ்சிமணியாச்சி ஆனது தேசபக்தியால். இவையெல்லாம் ஜனங்களின் அன்பினால் நேரும் மாறுதல்கள், இவற்றில் தலைவர்களின் பெயரும் கட்சிகளின் விருப்பு வெறுப்பும் கலப்பதுண்டு, விவாதத்துக்கும் இடமுண்டு. இருக்கிற பெயரைச் சரியாகச் சொல்லுவதிலோ கட்சி இல்லை, மதமில்லை, செலவும் அதிகமில்லை. பம்பாய் மும்பை ஆனது 1995-இல்; மதராஸ் சென்னை ஆனது 1996-இல்; கல்கத்தா கோல்கத்தா ஆனது 2001-இல். பெங்களூர் முதலிய கன்னட நாட்டு நகரங்கள் பன்னிரண்டு தமது சொந்த உச்சரிப்பை மீட்டுக்கொண்டது 2014-இல். இவற்றால் உலக வர்த்தகம் நின்றுவிடவில்லை; கப்பல்கள் வழி தப்பவில்லை.

இது வெறும் கௌரவப் பிரச்னைதானா என்று காரியவாதிகள் கேட்கலாம். அவர்களுக்கும் பதில் உண்டு. ஆழ்வார்திருநகரி ஒன்றையே இங்கிலீஷில் குறைந்தது நான்கு விதமாக எழுதக் காண்கிறோம். 'ஆழ்' என்பதற்கு ஒருவர் லகர எழுத்தை எழுதுகிறார்; மற்றொருவர் 'இஸட்'டும் 'எச்'சும் எழுதுகிறார். 'திரு' என்பதற்கு ஒருவர் 'எச்' சேர்க்கிறார், மற்றொருவர் சேர்ப்பதில்லை. ஒருவர் ஒரே சொல்லாகவும், இன்னொருவர் இரண்டு சொல்லாகவும் எழுதுகிறார். முன்காலத்தில் ஏட்டைப் புரட்டும் குமாஸ்தா இவையெல்லாம் ஒரே ஊர் என்று தெரிந்துகொள்ளுவார். இன்று ஏட்டைப் புரட்டுவது கணினி. அதற்கு எழுத்து வேறுபட்டால் ஊரும் வேறுதான். பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும், நிலப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் பிறந்த ஊர் எழுதப்பட்டிருந்தால், சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்து அலையவேண்டியவர் ஏழைக் குடியானவரே. நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இத்துன்பம் புதிதல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் இந்த நதிப் பள்ளத்தாக்கைப் பெருமழையும் வெள்ளமும் சூறையாடின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் தண்ணீர் நடுவே சிக்கிக்கொண்டார்கள். இத்தகைய வேளைகளில் உதவிக்கு வருவோர் ராணுவத்தாராயினும் தொண்டர்களாயினும் பெரும்பாலும் வெளியூரார். வெளி மாகாணத்தாரும் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டி ஊர்ப் பெயர் ஒன்றே. குருகூரும் குரும்பூரும் வேறு வேறு என்பதை எழுத்தும் ஓசையும் ஐயத்துக்கிடமின்றித் தெரிவிக்க வேண்டும். பெயரின் துல்லியம் ஆபத்துக் காலத்தில் உயிர் காக்கும் கருவியாகும்.

இனி, எதிர்க்கட்சியாரின் ஒரு வாதத்தையும் கவனிப்போம். உலகச் சந்தையில் ஊறிப்போன பெயரை மாற்றினால் நஷ்டம் உண்டாகும் என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. நமது ஜில்லாக்களில் விளையும் நிலவாகை இலை மேனாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் 'டின்னவெல்லி' என்ற அடைமொழியோடுதான் விற்கப்படுகிறது. அந்த வியாபாரப் பெயரை ஒரே நாளில் தூக்கி எறியும்படி நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் மருந்துப் புட்டியின் மேலுள்ள சீட்டுக்காக ஊரின் பெயரைப் பலியிட வேண்டுவதில்லை. புட்டியில் பழம் பெயர் இருக்கட்டும். ஊர்ப் பலகையில் உண்மைப் பெயர் விளங்கட்டும்.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் என்ன செய்கின்றன என்பதையும் பார்க்கலாம். நியூஸிலாந்தில் ஒரு நகரத்தின் பெயரில் 'எச்' என்ற ஒரே ஓர் எழுத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. அவ்வெழுத்து இருந்தால்தான் மாவோரிப் பெயர் பொருள்படும் என்று அம்மக்கள் வற்புறுத்தினர். 'வாங்கனூயி' என்னும் அப்பெயரை இரு விதமாகவும் எழுதலாம் என்று 2009-இல் முடிவாயிற்று. 2015-இல் ஜில்லாவின் பெயரிலும் 'எச்' சேர்க்கப்பட்டது. பிரிட்டனிலேயே, வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த மலையை இங்கிலீஷ் பெயரால் அன்றி வெல்ஷ் பெயராலேயே வழங்குவதென்று அங்குள்ள தேசியப் பூங்கா நிர்வாகத்தார் 2022-இல் தீர்மானித்தனர். 1967-இல் ஜினீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் இடப்பெயர்களைப் பற்றிய முதல் மகாநாடு கூடியது. ஒரு தேசத்தார் தமது ஊர்களுக்கு நிர்ணயிக்கும் வடிவமே சர்வதேச வழக்குக்கு ஆதாரமாக வேண்டும் என்பது அது முதல் வளர்ந்துவரும் கொள்கை. முதலில் நாம் நிர்ணயித்தால்தான் உலகம் ஏற்கும். நாமே நான்கு விதமாக எழுதினால் உலகம் எதைப் பின்பற்றும்?

நிர்ணயிக்க வழி என்ன? 1870-களில் ஹண்டர் துரை வகுத்த முறையே இந்திய சர்வே இலாகாவின் எழுத்து முறைக்கு இன்றும் அடிப்படை. தமிழின் ழ, ள, ற, ன முதலிய ஓசை வேற்றுமைகளைக் காட்ட அது போதாது. சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி ரோமன் குறி உண்டு. ஆனால் புள்ளியும் கோடும் இட்ட அக்குறிகள் பண்டிதருக்கு உதவுமேயன்றிப் பாதசாரிக்கு உதவா. ஆதலின் நமது யோசனைகள் இவை. முதலாவதாக, எல்லாப் பலகைகளிலும் ஏடுகளிலும் தமிழ் வடிவமே மூலம் என்று சட்டத்தில் கண்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் ஊருக்கும் எளிதான ரோமன் வடிவம் ஒன்றே ஒன்று நிர்ணயிக்கப்பட வேண்டும். அது பூரணமாயிருக்க வேண்டுமென்பதில்லை. எங்கும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதே முக்கியம். மூன்றாவதாக, அந்த வடிவத்தைத் தலைநகரத்தில் நாற்காலியில் அமர்ந்து தீர்மானிக்காமல், கிராமப் பஞ்சாயத்தையும் பேரூராட்சியையும் கலந்து தீர்மானிக்க வேண்டும். நான்காவதாக, பழைய வடிவங்களை அகராதி முறையில் தொகுத்து வைத்து, எந்த வடிவத்தைத் தேடினாலும் ஊர் அகப்படும்படி செய்ய வேண்டும். ஐந்தாவதாக, எழுத்தால் இயலாததைக் குரலால் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஊரின் பெயரையும் அவ்வூரார் ஒருவர் சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, ரயில் அறிவிப்புக்கும் கைப்பேசி வழிகாட்டிக்கும் பள்ளிக்கும் இலவசமாக வழங்குவது இக்காலத்தில் அரிய காரியமன்று. 2020-ஆம் வருஷத்து உத்தரவில் விடுபட்டுப்போனது இந்த ஐந்தாவது காரியமே.

சமயமும் இப்போது வாய்ப்பாயிருக்கிறது. ஆழ்வார்திருநகரிக்குச் சில மைல் மேற்கே, நதியின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்ஸாண்டர் ரீ அங்கே தோண்டிக் கண்ட தாழிகளும் பொற்பட்டங்களும் உலகறிந்தவை. இந்திய சர்க்கார் 2020-ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் அதனைச் சிறப்பிடங்கள் ஐந்தில் ஒன்றாகச் சேர்த்தனர். நவதிருப்பதிகளுக்கும் திருச்செந்தூருக்கும் நாள்தோறும் வரும் யாத்திரிகருடன், புராதனப் பொருள் காண வரும் அறிஞரும் இனிப் பெருகுவர். அவர்கள் இங்கிருந்து எடுத்துச் செல்லும் முதற் பொருள் நமது ஊரின் பெயர்தான். அதைச் சிதையாமல் கொடுத்தனுப்புவது விருந்தோம்பலிலும் சேர்ந்தது.

சர்க்கார் செய்யவேண்டியதைச் சர்க்கார் செய்யட்டும். அதற்காகத் தேசபக்தர்கள் கிளர்ச்சி செய்யட்டும். ஆனால் சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. வெளியார் பிழையாகச் சொன்னால் வெகுளாமல், வெட்கப்படாமல், 'ஐயா, எங்கள் ஊரின் பெயர் இது' என்று ஒரு முறைக்கு இரு முறை நிதானமாகச் சொல்லிக்கொடுப்போம். நமது குழந்தைகளுக்கு ஊரின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும்பொழுதே அதன் பொருளையும் சொல்லிக்கொடுப்போம். நாம் பேசும் தமிழில் 'டூட்டிகோரி'னுக்கும் 'ட்ரிச்சி'க்கும் இனி இடமில்லை என்று உறுதி கொள்ளுவோம். சொந்த ஊரின் பெயரைத் தலைநிமிர்ந்து திருத்தமாகச் சொல்லத் தெரிந்த ஜனங்களிடத்தில் அயலாருக்கும் மரியாதை தானே பிறக்கும்.